நாற்காலியின் காலும் மண்டபத்தின் தூணும்

கட்டடக்கலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி. காய்ந்து சுருண்ட பாக்கு மட்டையின் வளைவைப் பார்த்து ஒரு சாய்வு நாற்காலி வடிவமைத்தேன். வகுப்பில் நல்ல பாராட்டுக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் அதே வடிவத்தை இருபது மடங்கு பெரிதாக்கி ஒரு நூலகத்தின் வாசிப்புக் கூடமாக வரைந்தேன். ஆசிரியரோ, "இது கூடம் இல்லை அம்மா, ஊதிப் பெருத்த நாற்காலி" என்று சொல்லிவிட்டார். இயற்கையிலிருந்து நாற்காலிக்கு எடுத்த ஒன்றைக் கட்டடத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாதா?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாராளமாக எடுத்துச் செல்லலாம். ஆனால் எதை எடுத்துச் செல்கிறோம் என்பதில்தான் தங்கள் ஆசிரியருக்கு மனக்குறை இருந்திருக்க வேண்டும். அவர் சொன்ன விதம் கடுமையானது. சொன்ன விஷயம் சரியானது.

முதலில் எடைக் கணக்கைப் பாருங்கள். ஒரு வடிவத்தின் எல்லா அளவுகளையும் 20 மடங்காக்கினால், அதன் எடை 8,000 மடங்காகிறது. அந்த எடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ 400 மடங்குதான் ஆகிறது. எனவே பொருளின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் விழும் தன் எடையின் அழுத்தம் 20 மடங்கு கூடிவிடுகிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் ஒரு சிறிய எலும்பையும், அதே வேலையைப் பெரிய உடலில் செய்ய வேண்டிய எலும்பையும் அருகருகே வரைந்து காட்டியது இதைத்தான்: பெரிய எலும்பு, சிறியதைப் பெரிதாக்கியதாக இல்லாமல், விகிதமே மாறிப் பருத்துக் கிடந்தது. நாற்காலிக்குச் சுமை அதில் உட்காருபவர். கூடத்துக்கு முதற்சுமை கூடமேதான். அதன் பிறகுதான் காற்றும் மழையும்.

எடைக் கணக்கைப் பொறியாளர் எப்படியாவது சரிசெய்து கொடுத்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டாவது சிக்கல் தீராது. என் பார்வையில் அதுவே பெரியது. நாற்காலியின் வளைவு ஒரு முதுகுக்காகப் பிறந்தது. அரை மீட்டர் அகலமுள்ள அந்த வளைவைப் பத்து மீட்டராக்கினால் அதில் யாருடைய முதுகும் சாயப் போவதில்லை. நாற்காலியை நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம், தொடுகிறோம், நகர்த்துகிறோம். கூடத்துக்குள் நுழைகிறோம், நடக்கிறோம், அதன் வெளிச்சத்தில் படிக்கிறோம். ஒன்றின் உருவம் மற்றொன்றுக்குப் பயன்படும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பாக்கு மட்டையிடமே திரும்பிப் போங்கள். அதன் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன; அதனால் குறுக்காக எளிதில் சுருளும், நீளவாக்கில் விறைப்பாக நிற்கும். விரித்து வைத்தால் துவளும் மெல்லிய மட்டை, சற்றே வளைந்ததும் நிமிர்ந்து நிற்கிறது. 'மெல்லியது வளைவதால் வலிமை பெறுகிறது' என்ற இந்தப் பண்பு எந்த அளவிலும் உண்மையாக இருக்கக்கூடியது. முட்டை ஓடு போல மெல்லியதாக வளைத்து வார்க்கும் கான்கிரீட் கூரைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஒரே மட்டையை ராட்சத அளவில் வரையாமல், வளைந்த மெல்லிய பட்டைகள் பலவற்றை ஒன்றன்மீது ஒன்று சற்றே ஏறுமாறு அடுக்கி, இடைவெளிகளில் வடக்கு வெளிச்சம் நுழைய விட்டு ஒரு கூரையை வரைந்து பாருங்கள். அப்போது அது நாற்காலி மாதிரி இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை.

உருவத்தையே நேராகக் கொண்டுசெல்ல முயன்றவர்களில் மிகத் திறமையானவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினன். வழக்கமான நாற்காலி, மேசைகளின் கால்கள் அறையையே ஒரு சேரியாக்கிவிடுகின்றன என்று அலுத்துக்கொண்ட அவர், 1950களின் நடுவில் பூத்தண்டு போல ஒற்றைக் காலில் நிற்கும் டூலிப் நாற்காலியை வடிவமைத்தார். பூவும் தண்டும் போல எல்லாமே ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் தண்டு தாங்காது என்பதால் அடிப்பகுதியை அலுமினியத்தில் வார்த்து, இருக்கையின் நிறத்தைப் பூசி ஒன்றாகக் காட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டுகளில் நியூயார்க் விமான நிலையத்தில் அவர் வடிவமைத்த டி.டபிள்யு.ஏ. விமான நிறுவனத்தின் முனையத்தில் நான்கு கான்கிரீட் ஓடுகள், ஒய் வடிவத் தாங்கிகள் நான்கின்மீது விரிகின்றன. தரை சுவராகவும் சுவர் இருக்கையாகவும் முறிவின்றி ஓடுகிறது. நாற்காலியில் பொருள் மறுத்ததைக் கட்டடத்தில் கான்கிரீட் ஓரளவு நிறைவேற்றிக் கொடுத்தது. 1962இல் முனையம் திறக்கப்பட்டபோது சாரினன் உயிருடன் இல்லை, 1961இலேயே மறைந்துவிட்டார். கவனியுங்கள்: அங்கே பெரிதானது டூலிப் பூவின் உருவம் அல்ல, 'முறிவின்றி ஓடுதல்' என்ற ஒரே எண்ணம்.

கேள்வி: நான் உள்ளரங்க வடிவமைப்பாளராகப் பணியாற்றுகிறேன். இயற்கையை அடிப்படையாகக் கொண்ட அறைகலன் கட்டடமாக வளர்ந்தது என்று பலரும் மேடையில் சொல்கிறார்கள். ஒரே மனிதர் இரண்டையும் செய்து, ஒன்று மற்றொன்றுக்கு வழிகாட்டியது என்று தெளிவாகக் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு உண்டா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: உண்டு. பின்லாந்தின் ஆல்வர் ஆல்டோவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இந்தப் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைமியோ என்ற ஊரில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனை 1933இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஆல்டோ. மனைவி ஐனோவும் உடன் பணியாற்றினார். அக்காலத்து நவீன வடிவமைப்பாளர்கள் எஃகுக் குழாய்களை வளைத்து நாற்காலி செய்துகொண்டிருந்தார்கள். ஆல்டோவுக்கும் அதில் ஈர்ப்பு இருந்தது. ஆனால் நாள் முழுவதும் படுத்தும் சாய்ந்தும் இருக்க வேண்டிய நோயாளியின் தோலுக்குக் குளிர்ந்த உலோகம் உகந்ததல்ல, அதன் பளபளப்பு கண்ணையும் உறுத்தும் என்று கருதினார். ஆகவே தன் நாட்டுக் காடுகளில் தாராளமாக விளையும் பிர்ச் மரத்தை எடுத்து, துர்க்கு நகரின் அறைகலன் தயாரிப்பாளர் ஓட்டோ கொர்ஹோனனுடன் சேர்ந்து, மெல்லிய ஏடுகளை அடுக்கி ஒட்டி வளைத்தார். பைமியோ நாற்காலி அப்படிப் பிறந்தது. அதே மருத்துவமனையில், படுத்திருப்பவரின் கண் பார்ப்பது கூரையின் அடிப்பகுதியைத்தான் என்பதால் அதற்கு அமைதியான பச்சை நிறம் பூசப்பட்டது. கை கழுவும் தொட்டிகளில் தண்ணீர் சத்தமின்றி விழும் கோணம் தேடப்பட்டது. நாற்காலிக்குக் கேட்ட அதே கேள்வியை, அதாவது 'இந்த உடலுக்கு எது இதம்?' என்பதை, அறைக்கும் கேட்டார். இயற்கை என்றவுடன் இலையும் கொடியும் நினைவுக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மனித உடலும் இயற்கைதான்.

அடுத்தது கால். ஒரு கனமான பிர்ச் சட்டத்தின் நுனியில் நார்வாக்கில் இரம்பத்தால் வரிவரியாகக் கீறி, அந்தக் கீறல்களில் பசை தடவிய மெல்லிய ஏடுகளைச் செருகி, அப்பகுதியை மட்டும் வளைத்தால், நிமிர்ந்த சட்டமும் கிடைமட்டத் தாங்கியும் ஒரே துண்டாகிவிடும். எல் என்ற எழுத்தைப் போன்ற இந்தக் காலை 1933இல் செய்து முடித்தார். அது இருந்தால் ஸ்டூல், நாற்காலி, மேசை எதற்கும் தனித்தனி மூட்டு யோசிக்க வேண்டியதில்லை. மூன்று கால்களை ஒரு வட்டப் பலகையின் அடியில் திருகினால் புகழ்பெற்ற 60ஆம் எண் ஸ்டூல். அறைகலனின் காலைக் கட்டடத் தூணின் தங்கை என்றே அவர் குறிப்பிட்டிருக்கிறார். தொழிற்சாலைத் தரப்படுத்தலைப் பற்றிப் பேசும்போதும், தரப்படுத்தும் குழுக்களிலேயே சிறந்தது இயற்கைதான் என்றார்: ஒரே வகை உயிரணுக்களால் ஆயிரம் பூக்களைச் செய்தும் ஒன்றைப் போல் மற்றொன்று இராதபடி அது பார்த்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. இயற்கையிலிருந்து அவர் எடுத்தது பூவை அல்ல. பூ உண்டாகும் முறையை.

இனி இந்தத் தங்கை எப்படித் தூணாகவும் கூரையாகவும் வளர்ந்தாள் என்று பாருங்கள். 1935இல் வீபுரி நூலகம் நிறைவடைந்தது. அன்று பின்லாந்தில் இருந்த அந்நகரம் இன்று ரஷ்யாவில் வீபோர்க் என்ற பெயரில் இருக்கிறது. அதன் சொற்பொழிவுக் கூடத்தில் மரப்பட்டைகளால் ஆன கூரை அடிப்பகுதி அலையலையாக ஓடுகிறது. வளைந்த மரத்தோடு பட்டறையில் பழகிய கைதான் அந்த அலையை வரைந்தது என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் அங்கே அலையின் வேலை முதுகைத் தாங்குவது அல்ல, பேச்சொலியைக் கூடம் முழுவதும் பரப்புவது. அதே வளைவு, வேறு வேலை, வேறு அளவு. இதைத்தான் நான் பெயர்ப்பு என்பேன், மற்றதெல்லாம் பிரதி.

1952இல் முடிந்த சைனட்சாலோ நகர மன்றத்தின் அவைக்கூடத்தில், கூரையைத் தாங்கும் இரண்டு மரச்சட்டகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியிலிருந்து பல கட்டைகள் விசிறி போல் விரிந்து மேலேறுகின்றன. அவற்றைப் பட்டாம்பூச்சிச் சட்டகங்கள் என்பார்கள். எனக்கு அவை கிளை விரிந்த மரமாகத்தான் தெரிகின்றன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1954இல், மெல்லிய வளைசட்டங்கள் பலவற்றை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, இருக்கைப் பலகையோடு விசிறியாக விரிந்து இணையும் கால் ஒன்றை ஸ்டூலுக்குச் செய்தார். கட்டடத்திலிருந்து அறைகலனுக்கும் அந்த எண்ணம் இறங்கியதாகவே எனக்குப் படுகிறது. போக்குவரத்து ஒருவழிப்பாதை அல்ல.

மிக நேரடியான சான்று 1964இல் நியூயார்க்கில் அவர் முடித்த காஃப்மன் கருத்தரங்க அறைகள். அங்கே வளைந்த மரச்சட்டங்கள் எதையும் தாங்காமல், சுவரின்மீது புதர் போலக் கிளைத்து நிற்கின்றன. நாற்காலிக் கால்கள் வேலையை விட்டு ஓய்வெடுக்கக் காட்டுக்குப் போய்விட்டது போல. அழகுதான். ஆயினும் வீபுரிக் கூரையின் அலைக்கு இருந்த அவசியம் இதற்கு இல்லை. அவரது ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கேள்வி: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியில் உள்ள மரச்சாமான்களை வடிவமைத்தவர் பின்னாளில் அமெரிக்காவில் உலகப் புகழ் பெற்ற தச்சரானார் என்று என் தாத்தா சொல்வார். அது உண்மையா? அவரும் கட்டடம் கட்டினாரா?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: தங்கள் தாத்தா சொன்னது உண்மை. ஜார்ஜ் நகஷிமா 1905இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். முறையாகக் கட்டடக்கலை படித்தவர். தோக்கியோவில் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்டின் அலுவலகத்தில் பணியாற்றியபோது, அந்த அலுவலகம் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியின் கட்டுமானத்தை மேற்பார்வையிட 1937இல் புதுச்சேரிக்கு வந்தார். வந்தவர் ஆசிரமத்தின் சீடரே ஆகிவிட்டார். சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அவர் செய்த முதல் அறைகலன்கள் இந்த விடுதிக்காகச் செய்யப்பட்டவையே.

இரும்பு ஊட்டிய கான்கிரீட்டில் எழுந்த அந்தக் கட்டடம் நம் தட்பவெப்பத்தைப் புரிந்துகொண்டதில் இன்றும் பல புதிய கட்டடங்களை வெட்கப்பட வைக்கும். நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. சன்னல்களுக்குப் பதிலாக, திருப்பி மூடவும் திறக்கவும் கூடிய கிடைப்பலகைகள் முகப்பு முழுவதும் ஓடுகின்றன. அறைக் கதவுகளில் தேக்குப் பட்டைகள் முன்னும் பின்னுமாக மாற்றி அமைக்கப்பட்டிருப்பதால் காற்று உள்ளே வரும், பார்வை வராது. அந்தக் கதவை அறைகலன் என்பதா, கட்டடம் என்பதா? தச்சரின் பட்டறையும் கட்டடக் கலைஞரின் வரைபலகையும் ஒரே அறையில் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அடைத்து வைத்த மக்களில் நகஷிமாவின் குடும்பமும் ஒன்று. ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில், ஜப்பானிய மரபில் பயின்ற ஒரு தச்சரிடம் அவர் கைவேலை கற்றார். 1943இல் ரேமண்டின் உதவியால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற ஊரில் குடியேறிப் பட்டறை அமைத்தார். மரத்தின் ஓரத்தை நேராக அறுக்காமல், அது வளர்ந்த விளிம்போடு பலகையை விடுவதும், பிளவை மறைக்காமல் பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்துப் பிளவு மேலும் நீளாமல் பிடித்து நிறுத்துவதும் அவர் கையெழுத்தாயின.

கட்டடமும் கட்டினார், அதுவும் சாதாரணக் கட்டடம் அல்ல. 1950களின் இறுதியில் தன் வளாகத்தில் அவர் எழுப்பிய கோனாய்ட் பணிக்கூடத்தின் கூரை மெல்லிய கான்கிரீட் ஓடு. ஒரு பக்கம் வில்லாக உயர்ந்து, எதிர்ப்பக்கம் நோக்கிச் சிப்பியின் மடிப்புகள் போல வரிவரியாகத் தாழ்ந்து இறங்குகிறது. உள்ளே ஒரு தூண் கூட இல்லை. மரத்தையே வழிபட்ட மனிதர் ஏன் கான்கிரீட்டை நாடினார் என்று சிலர் கேட்கிறார்கள். மரப்பலகையில் நாரின் போக்கைப் பின்பற்றியவர், ஓட்டில் விசையின் போக்கைப் பின்பற்றினார் என்பதே என் விடை. பிறகு அந்தக் கூடத்தின் பெயரையே ஒரு நாற்காலி வரிசைக்கு வைத்தார். கோனாய்ட் நாற்காலிக்கு முன்கால்களே கிடையாது. இரண்டு அடிக்கட்டைகளிலிருந்து எழும்பும் இரு கால்களில் இருக்கை முன்னோக்கி நீண்டு நிற்கும். தூணில்லாக் கூடத்தில் வாழ்ந்த பிறகு முன்காலில்லா நாற்காலியை வடிவமைக்கத் துணிவு வந்திருக்கும் போலும்.

அவர் 1990இல் மறைந்தார். பெரும் வால்நட் மரத்திலிருந்து கண்டம்தோறும் ஓர் அமைதி மேசை என்ற அவரது கனவின்படி செய்யப்பட்டவற்றுள் ஒன்று ஆரோவில்லில் இருக்கிறது. தங்களுக்குப் பக்கத்து ஊர்தான். தாத்தாவின் நினைவாக ஒரு முறை பார்த்து வாருங்கள்.

கேள்வி: எங்கள் புதிய வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு கான்கிரீட் தூண்களை ஆலமரத்தின் அடிமரம் போலவே பட்டை, முடிச்சுகளுடன் சிமென்டில் செய்து வண்ணம் பூசித் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். மகன் வேண்டாம் என்கிறான். ஆவுடையார்கோயிலில் கல்லையே மரம் போலச் செதுக்கவில்லையா?
(ஒரு வாசகர், புதுக்கோட்டை)

பதில்: மகன் பக்கம்தான் நான். ஆனால் தங்கள் எதிர்க்கேள்வி கூர்மையானது. பதில் சொல்லாமல் நழுவ முடியாது. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையில், அதாவது கூரை விளிம்பில் வளைந்து வெளிநீளும் பகுதியில், மரக் கைகளும் சட்டங்களும் ஆணிகளும் கல்லில் இருப்பது உண்மை. நானே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து நின்றிருக்கிறேன். ஆனால் அந்தக் கொடுங்கை முதலில் கொடுங்கையாக வேலை செய்கிறது: மழையைச் சுவருக்கு அப்பால் தள்ளுகிறது, கீழே நிற்பவருக்கு நிழல் தருகிறது. அந்த வளைவின்மீதுதான் சிற்பி, தனக்கு முந்தைய மரத்தச்சரின் பொருத்துகளை நினைவுபடுத்தித் தன் உளியின் வல்லமையைக் காட்டினார். தங்கள் தூணின் சிமென்டுப் பட்டைக்கு எந்த வேலையும் இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் பாசி பிடிக்கும் வேலையைத் தவிர. மரம் போன்ற தூண்தான் ஆசையென்றால், மேலே விட்டத்தைத் தாங்கும் போதிகை வைக்கும் இடத்தில் தூணைக் கிளைகளாக விரித்துப் பாருங்கள். விட்டத்தின் தாங்கலற்ற நீளம் குறையும், விட்டத்தின் கனமும் குறையும். பட்டை இல்லாமலே மரம் தெரியும்.

கேள்வி: நான் தச்சுத் தொழில் செய்கிறேன். ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறையில், இருக்கையே வளைந்து சுவராகி, சுவரே வளைந்து மேல்தளமாக மாறும்படி தேக்கில் செய்யச் சொல்கிறார்கள். வரைந்து கொடுத்தவர் மரத்தை நீராவியில் வளைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நடக்குமா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நடக்கும், ஆனால் அந்த வழியில் வேண்டாம். ஆஷ், பீச், ஓக் மரங்களைப் போலத் தேக்கு நீராவிக்கு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. கனமான துண்டு வெடித்துவிடும். மெல்லிய பட்டைகளாக இழைத்து, அச்சின்மீது அடுக்கி ஒட்டுங்கள். பட்டையின் கனம் பாதியானால் அதை வளைக்கத் தேவைப்படும் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மில்லிமீட்டர் பட்டை கையாலேயே வளையும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கோந்து சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைத்துவிட்டு, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். முழுவதையும் தேக்கில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், உள்ளே கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யு.பி. தர ஒட்டுப்பலகையை விலாச் சட்டங்களாக வெட்டி நிறுத்தி, மேலே தேக்குப் பட்டைகளை வரிசையாகப் பொருத்துவது செலவையும் எடையையும் குறைக்கும்.

இருக்கையில் தெரியாத ஒரு தொல்லை சுவரில் தெரியவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. ஆனால் குறுக்குவாக்கில் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். ஓர் அடி அகலப் பலகையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பட்டைகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கிய பன்னிரண்டு அடிச் சுவரில் எல்லாம் ஒன்று கூடி, ஐப்பசி அடைமழையில் சுவரே புடைத்து நிற்கும். எனவே பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். காத்திருக்கும் நோயாளிகளின் பேச்சு எதிரொலிக்காமல் இருக்கவும் அது உதவும், பின்னால் ஒலியுறிஞ்சும் துணியோ பஞ்சோ வைத்தால் இன்னும் நல்லது. ஆறு அடி உயரத்துக்கு மேல் யாருடைய கையும் படாது என்பதால் அங்கே அதே மெருகு தேவையில்லை. ஆனால் உட்காருபவரின் முழங்காலின் பின்பக்கம் தொடும் விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்து உருட்டுங்கள். புதுக் கட்டடம் என்றால், பூச்சின் ஈரம் முழுவதும் வற்றும் வரை ஒரு பட்டையைக்கூடச் சுவரில் ஏற்ற வேண்டாம்; வரைந்து கொடுத்தவர் அவசரப்படுத்தினாலும்.